கடல் கடந்த குடியுரிமை

‘பிரஜை’ என்னும் சொல்லை நம் முன்னோர் இரு பொருளில் வழங்கினர். அரசனுக்குக் கீழ்ப்பட்டவனும் பிரஜை; குடியரசில் உரிமை பெற்றவனும் பிரஜை. ‘குடிமகன்’ என்னும் சொல் இரண்டாம் பொருளுக்கு உரியதாகப் பின்னரே நிலைபெற்றது. முதற்பொருளிலிருந்து இரண்டாம் பொருளை அடைய நம் நாட்டு மக்களுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அடைந்த பின்னரும் அப்பொருள் நிலையாக நிற்கவில்லை. உலகமயமாதல் அதனை மீண்டும் மாற்றி வருகிறது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

1914-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘கோமகட்டா மாரு’ என்னும் ஜப்பானியக் கப்பல் கனடா நாட்டின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்த 376 இந்தியருள் பெரும்பாலோர் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியர். இந்தியாவும் கனடாவும் அன்று ஒரே பேரரசின் பகுதிகள். எனவே, வந்தவரும் தடுத்தவரும் சட்டப்படி ஒரே முடியின் பிரஜைகளே. ஆயினும், தாய்நாட்டிலிருந்து இடையில் எங்கும் தங்காமல் நேரே வருவோர்க்கே அனுமதி என்னும் விதி குறுக்கே நின்றது. முன்பே கனடாவில் வாழ்ந்தவர் முதலிய மிகச் சிலர் நீங்கலாக ஏனையோர் இரண்டு மாதம் கப்பலிலேயே காத்திருந்தனர். ஜூலை 23-ஆம் நாள் திருப்பி அனுப்பப்பட்டனர். கல்கத்தாவை அடுத்த பஜ்பஜ் என்னுமிடத்தில் கரையேறியபோது நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் அவர்களுள் பலர் மாண்டனர். தம்மைத் தடுத்த ஆட்சியையோ, சுட்ட ஆட்சியையோ மாற்றுதற்கு அவர்களிடம் வாக்கு இல்லை. பிரஜை என்னும் பெயர் மட்டுமே இருந்தது.

1921-ஆம் ஆண்டுப் பேரரசு மாநாட்டில் இந்தியருக்குச் சமவுரிமை கோரி வாதாடியவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். தென்னாப்பிரிக்கா உடன்படாத நிலையிலும் தீர்மானம் நிறைவேறிற்று. மறு ஆண்டே அவர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய நாடுகளுக்கு நேரில் சென்று அதனை வலியுறுத்தினார். எனினும், தனக்கென அரசு இல்லாத மக்களுக்கு அயல்நாட்டில் உரிமை தேடுவது எத்துணை அரிது என்பதை அம்முயற்சியே காட்டிற்று.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. நம் அரசியலமைப்பின் பெரும்பகுதி 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை பற்றிய பகுதியோ 1949 நவம்பர் 26 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது. யார் குடிமக்கள் என்பதை முதலில் வரையறுத்த பின்னரே குடியரசு பிறந்தது. வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானே விரும்பி ஏற்பவர் இந்தியக் குடிமகனாக நீடிக்க இயலாது என்பதை அரசியலமைப்பும் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் உறுதி செய்தன. ஒருவர்க்கு ஒரு நாடு என்பதே அக்காலத்தின் கொள்கை.

அயல்நாடு செல்லுதல் கூட அன்று அரசின் தயவைப் பொறுத்ததாகவே இருந்தது. பாஸ்போர்ட்டைக் கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பம். அயல்நாட்டுப் பயணமும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டே பாஸ்போர்ட் சட்டம் இயற்றப்பட்டது.

1991-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் மூலதனமும் தொழில்நுட்பமும் தொழிலாளரும் எல்லை கடப்பது பெருகிற்று. அயல்நாட்டில் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினரின் உறவை நாடு நாடியது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ‘கடல்கடந்த இந்தியக் குடிமகன்’ என்னும் புதிய நிலையைப் படைத்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் பல நாட்டினர்க்கு விரிவாக்கிற்று. இந்த அட்டையைப் பெற்றவர் வாழ்நாள் முழுவதும் விசா பெற்று வந்து செல்லலாம்; வீடு வாங்கலாம்; ஆனால் விளைநிலம் வாங்க இயலாது. வாக்குரிமையும் இல்லை. ‘குடிமகன்’ என்னும் பெயர் உண்டு. குடிமகனுக்குரிய தலையாய உரிமை இல்லை.

இதற்கு நேர்மாறான நிலையில் இருப்பவர் வளைகுடா நாடுகளில் உழைக்கும் இந்தியர். அவர்கள் எத்தனை ஆண்டு பாடுபட்டாலும் அந்நாடுகளின் குடியுரிமை அவர்களுக்குக் கிட்டுவது அரிதினும் அரிது. ஆதலால் அவர்கள் முழுமையான இந்தியக் குடிமக்களாகவே இருக்கின்றனர். 2010-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கு வாக்காளர் பட்டியலில் இடமளித்தது. ஆயின், பாஸ்போர்ட்டுடன் சொந்தத் தொகுதிக்கு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். 2024-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் அயல்நாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்தவர் ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். வந்து வாக்களித்தவர் மூவாயிரத்துக்கும் குறைவே. அவருள் மிகப் பெரும்பாலோர் கேரளத்தினர். பதிலாள் வழியாக வாக்களிக்க வகை செய்யும் மசோதா 2018-இல் மக்களவையில் நிறைவேறியும், 2019-இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

முன்னாளில் வாழிடமும் வாக்கும் சொத்தும் பயணமும் குடியுரிமை என்னும் ஒரே முடிச்சுக்குள் இருந்தன. இன்று அம்முடிச்சு அவிழ்ந்து, உரிமைகள் தனித்தனியே பிரிந்து கிடக்கின்றன. அயல்நாட்டுக் குடியுரிமையும் பொருள்வளமும் பெற்றவருக்கு வீடு வாங்கவும் விரும்பியபோது வரவும் உரிமை உண்டு; உழைப்பை மட்டுமே கொண்டு சென்றவருக்கு வாக்கு உண்டு, ஆனால் விமானக் கட்டணமும் விடுப்பும் இன்றி அதனைப் பயன்படுத்த வழியில்லை. கோமகட்டா மாருவில் வந்தவர்க்கு இல்லாத வாக்கு இன்றைய தொழிலாளிக்குப் பட்டியலில் இருக்கிறது. அதனை அவர் கைக்குக் கொண்டு சேர்ப்பது, அவர் அனுப்பும் பணத்தால் பயனடையும் நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடனாகும்.