அட்டுவம்பட்டி என்னும் சிறுகோள்

அட்டுவம்பட்டியில் நண்பரொருவர் எடுத்த ஒளிப்படத்தைக் கண்டு சற்றே திகைத்தோம். நாம் நின்ற சாலை ஓர் உருண்டையாகச் சுருண்டிருந்தது. தைலமரங்கள் அதன்மீது முட்களெனச் சிலிர்த்து நின்றன. கணினி விளையாட்டு என்றே முதலில் எண்ணினோம். அது பிழை.

நின்ற இடத்திலேயே சுழன்று, ஓரங்கள் ஒன்றன்மேலொன்று படியுமாறு எடுத்த படங்களை இணைத்தால், நம்மைச் சூழ்ந்த முழுக்கோளம் கிடைக்கும். அக்கோளம் கண்ணாடியாலானது என்றும், அதன் உச்சியில் விளக்கொன்று எரிகிறது என்றும் கொள்வோம். அடியில் விரித்த தாளில் விழும் நிழலே இப்படம். காலடி நடுவாகும், தொடுவானம் வட்டமாகும், தலைக்கு நேர்மேலுள்ள வானமோ எத்தாளிலும் அடங்காது. கோணங்கள் சிதையாமை இம்முறையின் சிறப்பு. ஆகவேதான் நுனி பருத்தாலும் மரம் மரமாகவே தெரிகிறது.

இக்கணக்கைத் தாலமி கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். கிரேக்க மூலம் அழிந்தது. அரபு மொழிபெயர்ப்பே அதனைக் காத்தது! விண்மீன்களைப் பித்தளைத் தகட்டில் இறக்கிய அஸ்ட்ரோலேப் கருவி இக்கணக்கின்மீதே எழுந்தது. அக்கருவி பற்றிச் சமண அறிஞர் மகேந்திர சூரி, பிரோஸ் ஷா துக்ளக்கின் ஆதரவில், 1370இல் 'யந்த்ரராஜம்' என்னும் வடமொழி நூலை இயற்றினார்.

சுற்றுக்காட்சி ஓவியத்துக்கு இராபர்ட் பார்க்கர் காப்புரிமை பெற்றது 1787இல். அவ்விரு மரபுகளும் 2000களில் கணினித்திரையில் கைகோத்தன.

அஸ்ட்ரோலேபின் நடுவில் இருப்பது வானத்தின் துருவம். நண்பரின் படத்தின் நடுவிலோ, கருவியைத் தாங்கிய முக்காலியின் கால்கள். அவற்றை அழித்துவிடுவதாகச் சொன்னார், வேண்டாமென்றோம்.