பெடு, பெரிஸ் ஏரிக்கரையில் தங்க: முன்பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

கெடாவில் ஏரிக்கரை விடுமுறை என்றால் பெரும்பாலும் அணைக்கரை விடுமுறைதான். பாடாங் தெராப் மாவட்டத்திலுள்ள பெடு ஏரியும், சீக் மாவட்டத்திலுள்ள மூடா ஏரியும் மூடா சமவெளியில் ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைய 1960களின் இறுதியில் கட்டப்பட்ட அணைகளால் உருவானவை. சீக்கில் உள்ள பெரிஸ் அணை 2004-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கரையோரம் திராட்சைத் தோட்டமும் உண்டு.

பட்டணத்து ஹோட்டல்களைப் போல் இங்கு விடுதிகள் அதிகமில்லை. இருப்பவை பெரும்பாலும் சிறிய விடுதிகளும் ஹோம்ஸ்டே வீடுகளும்தான். பேச்சு வாட்ஸ்அப்பில் முடியும். முன்பணம் வங்கிக் கணக்கில் போகும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து போட்ட பணம் பறிபோகக்கூடிய இடம் அதுவே.

பணம் கட்டும் முன்

பழைய பயணக் குறிப்பில் பார்த்த விடுதி இன்னும் இயங்குகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். வீட்டை காணொலி அழைப்பில் காட்டச் சொல்லலாம். போலீஸ் துறையின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தால், அதன்மீது மோசடிப் புகார் பதிவாகியுள்ளதா என்று தெரியும். புகார் இல்லை என்பதாலேயே அந்தக் கணக்கை முழுதும் நம்பிவிடவும் முடியாது.

மொத்த வாடகை, எத்தனை பேர் தங்கலாம், பயணம் ரத்தானால் எவ்வளவு பணம் திரும்பும் ஆகியவற்றை எழுத்தில் பெறுவது நல்லது. சமைக்கலாமா, எந்த உணவுக்கும் பானத்துக்கும் அனுமதியில்லை என்பதையும் முன்கூட்டியே கேட்டால் போன இடத்தில் மனத்தாங்கல் வராது.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் பேராக்கிலும் சனியும் ஞாயிறும். அங்குள்ள உறவினருடன் செல்வோர், வார இறுதிக் கட்டணம் எந்த இரவுகளுக்கு என்று கேட்க வேண்டும். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு மட்டுமே. குடிமக்களுக்கும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அந்த வரி இல்லை.

போய்ச் சேரும்போது

பெடு, மூடா ஏரிகள் உலு மூடா காட்டை ஒட்டியவை. காட்டு யானைகள் நடமாடும் பகுதி. இருட்டுவதற்குள் போய்ச் சேருவதே பாதுகாப்பு. வறட்சிக் காலத்தில் வயலுக்கு நீர் திறக்கப்படுவதால் ஏரி மட்டம் இறங்கும். படத்தில் தண்ணீராகத் தெரிந்த இடம் சேறாக இருக்கலாம். படகில் பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் உயிர்காப்புச் சட்டை வேண்டும்.

ஏமாந்தால்

பணம் கைமாறியது தெரிந்தவுடன் தாமதிக்காமல் வங்கியையோ, தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையோ அழைத்து, போலீசிலும் புகார் செய்ய வேண்டும்.

விடுதி உண்மையானது, ஆனால் சொன்ன வசதி இல்லை என்றால் வழி வேறு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் தெரிந்தால்தான் இது பயன்படும். ஆகவே, விடுதிக்காரரின் முழுப் பெயர், முகவரி, பணம் கட்டிய ரசீது, பேசிய குறுஞ்செய்திகள் ஆகியவற்றை வீடு திரும்பும்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.