பூட்டில்லாத குரல்

நம் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. நேயர்களில் பலர் இதனை அறிவர். அதற்குச் சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1924-ஆம் ஆண்டு அதே மே 16-ஆம் நாளில், சென்னையில் ஆர்வலர் சிலர் கூடிச் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவினர் என்பதை அறிந்தோர் சிலரே. முன்னின்றவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார். அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அவர்கள் ஒலிபரப்பைத் தொடங்கினர். கருவியின் ஆற்றல் 40 வாட். நம் வீட்டுக் கூடத்தில் அண்மைக் காலம் வரை எரிந்த குழல்விளக்கின் ஆற்றல்தான் அது! பிற்பாடு 200 வாட் கருவி வந்தது. ஆயினும் பொருள் முட்டுப்பாட்டால் 1927 அக்டோபரில் கழகத்தின் குரல் ஓய்ந்தது. கழகத்தார் தம் கருவியைச் சென்னை மாநகராட்சிக்கு ஈந்தனர். மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் நாள் ஒலிபரப்பை மேற்கொண்டது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றும் வரை அப்பணி நடந்தது.

இன்று நான் சொல்லப் புகுவது ஒலிபரப்பு நிலையங்களின் வரலாறன்று. ஊதியம் கருதாது, கற்கும் வேட்கையால் மட்டும் வானொலியைக் கையாளும் அமெச்சூர் வானொலியரின் வரலாற்றில் ஒரு பகுதி. ‘ஹாம்’ என்று உலகெங்கும் வழங்கப்பெறுவோர் இவர்களே. தாம் பேசும் கருவியின் உள்ளுறுப்புகளைத் தாமே அறிந்திருத்தல் இவர்களுடைய தொன்றுதொட்ட இயல்பு. வால்வு பழுதாயின் மாற்றுவர். சுருள் பொருந்தாவிடின் மீண்டும் சுற்றுவர். லால்குடியில் நான் ஆசிரியனாயிருந்தபோது, மாணாக்கர் பவுடர் டப்பாவின் மேல் செப்புக் கம்பியைச் சுற்றி, ஒரு டையோடும் காதொலிப்பானும் சேர்த்து, வேப்பமரத்திற்குக் கம்பி இழுத்துத் திருச்சி நிலையத்தைக் கேட்பர். மின்கலமே வேண்டியதில்லை. எங்கிருந்து வருகிறது இக்குரல் என்று ஒருவன் டப்பாவைத் திறந்து பார்ப்பான். அப்படித் திறந்து பார்ப்பதற்குத்தான் நூறாண்டுகளுக்குப் பின் ஓர் இடையூறு வந்தது.

அதனை விளங்கிக்கொள்ளச் சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும். மனிதக் குரலைச் சுருக்கி அனுப்பலாம் என்று கண்டவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹோமர் டட்லி. குரலலையை முழுவதும் அனுப்ப வேண்டியதில்லை. அதனை ஆக்கும் உறுப்புகளின் அசைவை அளந்து, அவ்வளவுகளை மட்டும் அனுப்பினால் மறுமுனையில் குரலை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம் என்பது அவர் கண்ட உண்மை. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் விசைகளை அழுத்திப் பேசவைக்கும் பொறி ஒன்று காட்டப்பெற்றது. 1943 முதல் இலண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே போர்க்காலப் பேச்சுகளை மறைபொருளாக அனுப்ப இம்முறை பயன்பட்டது. நம் நாட்டவர் ஒருவருக்கும் இவ்வரலாற்றில் பெரும் பங்குண்டு. 1933-இல் கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற பிஷ்ணு அடல் 1961-இல் பெல் ஆய்வுக்கூடத்தை அடைந்தார். முன்வந்த ஒலிக்கூறுகளைக் கொண்டு அடுத்த கூற்றை முன்னறியும் கணித முறையை அங்கே மான்ஃபிரட் ஷ்ரோடருடன் உருவாக்கினார். ஜப்பானில் இதாகுராவும் சைட்டோவும் ஏறத்தாழ அதே காலத்தில் இதனையே கண்டனர்.

இக்கருத்து தமிழ் படித்தார்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பிறப்பியல், உந்தியில் எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நா, இதழ், பல், அண்ணம், மூக்கு ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகும் முறையைக் கூறவில்லையா? காற்றும் அதை வடிவாக்கும் குழாயும் என்ற பகுப்பே பொறியாளர் கொண்ட பகுப்பும்.

இனி, நேயர்கள் தத்தம் தொண்டையில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள். ‘ம்’ என்று நீட்டி ஒலியுங்கள், விரல் அதிர்கிறது. ‘ஸ்’ என்று ஒலியுங்கள், அதிர்வில்லை. குரல் உண்டு, குரல் இல்லை என்ற இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவிக்க ஒரே ஒரு பிட் போதும். பிட் என்பது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒற்றைக் குறி. தொலைபேசியில் வழங்கும் எண்முறையில் ஒரு வினாடிப் பேச்சுக்கு 64,000 பிட்டுகள் செலவாகின்றன. இப்போது நான் சொல்லப்போகும் முறையின் ஒரு வகைக்கு 1,300 போதும். அஃது ஒரு வினாடியை இருபத்தைந்து கூறாக்கி, ஒவ்வொரு கூற்றுக்கும் 52 பிட்டுகளே தருகிறது. வாய்க்குழாயின் வடிவுக்கு 36, குரலின் சுருதிக்கு 7, ஓசையின் வலிமைக்கு 5, குரல் உண்டா இல்லையா என்பதற்கு 4. இவ்வளவே. பிட்டுகள் குறையக் குறைய, சிற்றாற்றல் கருவியும் குறுகிய அலைவரிசையும் நெடுந்தொலைவுக்குப் போதுமானவை ஆகின்றன.

இனி அந்த இடையூற்றைச் சொல்கிறேன். ஜப்பான் நாட்டு அமெச்சூர் வானொலிக் கழகம் டி-ஸ்டார் என்னும் எண்முறையை வகுத்து 2001-இல் வெளியிட்டது. செய்தி செல்லும் விதிகளெல்லாம் அச்சிடப்பெற்று எவரும் படிக்கும்படி இருந்தன. ஆனால் குரலைச் சுருக்கும் பகுதி மட்டும் ஒரு நிறுவனத்தின் காப்புரிமைக்கு உட்பட்டு, ஒரு சில்லினுள் அடைபட்டிருந்தது. ஆர்வலர் அச்சில்லை விலைகொடுத்து வாங்கலாம், பொருத்தலாம், உள்ளே நடப்பதைக் காணவோ திருத்தவோ இயலாது. அந்நிறுவனத்தாரைக் குறைகூறுவதற்கில்லை, உழைத்துக் கண்டதற்கு அவர்கள் விலை கேட்டனர். எனினும், வீடு முழுவதையும் திறந்து காட்டிவிட்டு அடுக்களையை மட்டும் பூட்டிவைத்தது போலாயிற்று. சமைக்கக் கற்க வந்தவன் அங்கே என் செய்வான்?

இப்பூட்டைக் கண்டு வருந்தியவர் அமெரிக்கரான புரூஸ் பெரன்ஸ். திறந்த மூலநிரல் இயக்கத்தில் பெயர் பெற்றவர். தாமும் அமெச்சூர் வானொலியர். அவர் எழுப்பிய கோரிக்கைக்குச் செவிசாய்த்தவர் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துப் பொறியாளர் டேவிட் ரோ. 1990-களில் தம் முனைவர் பட்டத்துக்காகக் குரற்சுருக்கத்தையே ஆராய்ந்தவர் அவர். பழைய ஆய்வேடுகளில் வெளியாகி எவர்க்கும் பொதுவாய்விட்ட முறைகளை அடிப்படையாகக் கொண்டு, காப்புரிமைகளில் சிக்காத வழியொன்றை அவர் வகுத்தார். கோடெக்-2 என்னும் அந்நிரலின் முதற் பதிப்பு 2010-இல் வெளிவந்தது. அதன் மூலநிரலை எவரும் பெறலாம், ஆராயலாம், மாற்றலாம். மாற்றிய நிரலைப் பிறர்க்கு அளிப்போர் அம்மாற்றத்தையும் திறந்தே அளிக்க வேண்டும். 2012-இல் அதனைக் கொண்டு ஃபிரீடிவி என்னும் வானொலி முறை தோன்றியது. கணினியும், சிற்றலையில் ஒற்றைப்பக்கப் பட்டை முறையில் பேசும் சாதாரணக் கருவியும் இருந்தால் போதும்.

முதல் முயற்சியே முழு வெற்றி என்று சொல்வது பொய்யாகும். பழைய முறையில் குரல் மங்க மங்க, இரைச்சலினூடே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். எண்முறையிலோ ஓரளவுக்குக் கீழே போனால் திடீரென அறுந்துவிடும். ஃபிரீடிவியின் முதல் வகை மெல்லிய அலைகளில் பழைய முறைக்குத் தோற்றது. குரலும் இயந்திரத்தன்மை வாய்ந்தது. ஒரே ஒரு மனிதக் குரலுக்கென அளந்து தைத்த சட்டை அது. எங்கள் ஊரின் பெயரை உலகறியச் செய்த ஜெயராமனின் வயலினை அதில் அனுப்பினால் அவர் நம்மை மன்னிக்கமாட்டார். ஆனால் குறைகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. ஆகவே திருத்துவோரும் பலராயினர். பிழைதிருத்தும் வலிய குறிமுறைகளைச் சேர்த்து 2018-இல் வெளிவந்த வகை, இரைச்சல் குரலை விஞ்சும்போதும் பேச்சைக் காத்தது. போலந்து நாட்டவர் 2019-இல் தொடங்கிய எம்-17 என்னும் முறையும் கோடெக்-2-ஐயே எடுத்தாண்டது.

சென்னைக் கழகத்தை வீழ்த்திய பொருள் முட்டுப்பாடு இங்கும் வராமலில்லை. ரோ பெரும்பாலும் தம் பொழுதையே முதலாக்கி உழைத்தார். உதவி வந்த வழி வியப்பானது. 1981-இல், இணையம் முளைவிடும் நாளில், அமெச்சூர் வானொலியர்க்கென்று ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் இணைய முகவரி எண்கள் ஒதுக்கப்பெற்றிருந்தன. அக்காலத்தில் அவற்றிற்கு விலையே இல்லை. முகவரிகளுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபின், 2019-இல் அவற்றுள் கால்பங்கு பத்துக் கோடி டாலருக்கு மேல் விலைபோயிற்று. அம்முதலைக் கொண்டு அமெரிக்காவில் இயங்கும் அறநிறுவனம் 2023-இல் ஃபிரீடிவிக்கு நல்கை வழங்கியது. அதன் பயனாய், கற்கும் இயந்திர முறையைக் கையாளும் புதிய வகையொன்று 2024-இல் சோதனைக்கு வந்தது. அதில் குரல் இயற்கைக் குரலுக்கு மிகவும் நெருங்கியிருக்கிறது. 1927-இல் நம் சென்னைக் கழகத்தார்க்கு இத்தகைய புதையல் ஏதும் வாய்க்கவில்லை என்று எண்ணும்போது எனக்குச் சற்றுப் பொறாமையே உண்டாகிறது.

கருவி பொழுதுபோக்குக்கு மட்டும்தானே என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் உலக ஆர்வலரோடு அளவளாவும் பொருட்டு அந்தமானில் அமெச்சூர் நிலையம் அமைத்திருந்தனர். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்பு குலைந்த அத்தீவுகளின் செய்தி போர்ட் பிளேரிலிருந்து அவர்கள் குரலாய்ப் பெருநிலத்தை எட்டியது.

என் பழைய மாணாக்கர் ஒருவர் இப்போது பொறியாளர். வானில் பேச அரசின் உரிமம் வேண்டும். கணினிக்குள் சோதிக்க எவர் உரிமமும் வேண்டாம் என்று சொல்லி, அவர் என் வீட்டுத் திண்ணையிலேயே கோடெக்-2-ஐ இயக்கிக் காட்டினார். என் குரலைப் பதிந்து, சுருக்கி, விரித்து ஒலிக்கச் செய்தார். நான் வேண்டுமென்றே ‘வாழை’ என்றேன். பிட்டுகள் மிகுந்த வகையில் வாழையாகவே கேட்டது. மிகக் குறைந்த வகையில், என் காதுக்கு, வாழை வாளை மீனாயிற்று! அம்முறையைச் சோதிக்கப் பெரிதும் எடுத்தாளப்பட்டவை ஆங்கிலப் பேச்சு மாதிரிகள். நம் ழகரத்தை அடிலெய்டில் யார் ஒலித்துக் காட்டுவார்? பூட்டிய சில்லாயின் இதனோடு பேச்சு முடிந்திருக்கும். மாணாக்கரோ வாய்க்குழாயின் வடிவைக் குறிக்கும் அட்டவணைகள் மூலநிரலில் இருக்குமிடத்தைத் திரையில் காட்டினார். பாடப் புத்தகத்தைத் திருப்புவது போல அவற்றை இருவரும் பார்த்தோம். கழி, களி, கலி. வாழை, வாளை, வாலை என்று ஐம்பது சொற்களை என் குரலிலும், என் மனைவியின் குரலிலும், தெருப்பிள்ளைகள் நால்வர் குரலிலும் பதிந்து எடுத்துச் சென்றிருக்கிறார். அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.