காவலும் களவும்

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1949-இல் அதனைச் சுற்றி இந்தியச் சுங்கக் காவல் எழுந்தது. கள்ளக் கடத்தலும் உடன் வளர்ந்தது. கணினி விளையாட்டுகளின் வரலாறும் அத்தகையதே.

1980-களில், சில விளையாட்டுகள் தொடங்குமுன் கையேட்டிலுள்ள ஒரு சொல்லைக் கேட்டன. காவலை உடைத்தவர் படியெடுத்தார். கையேட்டைத் தொலைத்த நேர்மையாளரோ வெளியே நின்றார். 2013-இல் 'சிம்சிட்டி' ஓயாத இணையத் தொடர்பைக் கோரிற்று. வழங்கிகள் தடுமாற, விலை கொடுத்தவர்களே வாடினர். மறு ஆண்டு அக்கட்டாயம் தளர்ந்தது.

உரிமை மீறும் நோக்கத்துடன் காவலை உடைப்போர்க்கு, நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் ஈராண்டு வரை சிறை விதிக்கிறது. படைத்தவர் உழைப்பைக் களவாடுதல் குற்றமே. ஆயினும், நியாய விலையும் நேர்வழியும் எளிதாயின், களவு தானே குறையும்.