காகிதம் முந்தியா, குழந்தை முந்தியா?

நெடுந்தூரம் பறந்து வியட்நாம் தலைநகர் ஹனோயின் நொய்பாய் விமான நிலையத்தில் இறங்கும் வெளிநாட்டுத் தம்பதிக்குத் தத்துப்பிள்ளை அன்றே கைக்கு வந்துவிடாது. முதலில் பிள்ளை இருக்கும் மாகாணத்துக்குப் போக வேண்டும். அங்கே நீதித்துறை அலுவலகக் கூடத்தில், ஹோ சி மின்னின் மார்பளவுச் சிலைக்கு முன்னால், ஒப்படைப்புச் சடங்கு நடக்கும். காப்பகத்தார் ஒரு பக்கம், தம்பதி ஒரு பக்கம், நடுவில் பதிவேடு. புதிய முகங்களைப் பார்த்து வீறிட்டு அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் விசாவுக்குக் காத்துக் கிடக்க வேண்டும்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று கேட்பவர்கள் 1975 ஏப்ரலைத் திரும்பிப் பார்க்கலாம். அன்று பெற்றோர் வரவில்லை, பிள்ளைகள்தான் போனார்கள்.

வியட்நாம் போரின் முடிவில், தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழச் சில வாரங்களே இருந்தன. வேர்ல்டு ஏர்வேஸ் விமான நிறுவனத்தின் முதலாளி எட் டேலியின் ஏற்பாட்டில், ஏப்ரல் 2 அன்று ஒரு விமானம் ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளுடன் முறையான அனுமதி இல்லாமலே கிளம்பிவிட்டது. மறுநாள் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, பிள்ளைகளை அங்கிருந்து வெளியேற்றும் ‘ஆபரேஷன் பேபிலிஃப்ட்’ திட்டத்தை அறிவித்தார். ஏப்ரல் 4 அன்று முதல் ராணுவ விமானமான சி-5ஏ கேலக்ஸி புறப்பட்டது. மேல்தளத்தில் கைக்குழந்தைகளை இருக்கைக்கு இரண்டு பேராக வைத்துக் கட்டியிருந்தார்கள். வளர்ந்த பிள்ளைகள் கீழே சரக்குத் தளத்தில். சிறிது நேரத்தில் பின்பக்கச் சரக்குக் கதவு பிய்த்துக்கொண்டு போனது. வால்பகுதியை இயக்கும் இணைப்புகள் அறுந்தன. விமானி எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தார். ஓடுதளம் எட்டவில்லை, விமானம் நெல்வயலில் மோதிச் சிதறியது. 138 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் பிள்ளைகள். கீழ்த்தளத்தில் பிழைத்தவர்கள் சொற்பம்.

அதற்காகத் திட்டம் நிற்கவில்லை. மாத முடிவுக்குள் சுமார் 2,500 பிள்ளைகள் அமெரிக்காவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள்.

சிக்கல் அங்கேதான் வெளிவந்தது. சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ ராணுவ முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களில் சிலருக்கு வியட்நாமிய மொழி தெரியும். தங்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னது அவர்கள் காதில் விழுந்தது. போர்க்காலத்தில் காப்பகம் என்றால் அநாதைகள் இடம் என்று மட்டும் பொருளில்லை. சோறாவது கிடைக்கட்டும், நிலைமை சீரானதும் கூட்டிக்கொள்ளலாம் என்று ஏழைத் தாய்மார் பிள்ளையை விட்டுவைத்த இடமும் அதுவே. விவகாரம் அதே மாதம் நீதிமன்றத்துக்குப் போனது. பெரிய தீர்வு எதுவும் கிடைக்கவில்லை. அந்த அவசரத்தில் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை, விசாரிக்கத்தான் ஆளில்லை.

சரி, காகிதம் இருந்தால் போதுமா? அதுவும் போதவில்லை. தொண்ணூறுகளில் பிரெஞ்சுக்காரர்களும் அமெரிக்கர்களும் தத்தெடுக்கத் தாங்களே வியட்நாமுக்குப் புறப்பட்டு வரத் தொடங்கினார்கள். 2007-இல் நடிகை ஏஞ்சலினா ஜோலி ஹோ சி மின் நகரக் காப்பகத்திலிருந்து ஒரு சிறுவனைத் தத்தெடுத்தது உலகச் செய்தியானது. மறு ஆண்டே அமெரிக்கத் தூதரகத்தின் அறிக்கை வேறு கதை சொன்னது: போலி ஆவணங்கள், கைமாறிய பணம், பெற்றவளுக்கு முழு விவரம் தெரியாமலே போன பிள்ளைகள். வியட்நாம் மறுத்தது. ஆனாலும் இரு நாட்டுத் தத்தெடுப்பு ஒப்பந்தம் 2008 செப்டம்பரோடு காலாவதியானது.

2010-இல் வியட்நாம் தத்தெடுப்புக்குத் தனிச் சட்டம் இயற்றியது. 2012-இல் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்புக்கான ஹேக் உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அமெரிக்கர்களுக்கு 2014-இல் மறுபடி வழி திறந்தபோது அது அகலமாக இல்லை: சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள், ஐந்து வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள், அவ்வளவே. முதலில் உள்நாட்டிலேயே ஒரு குடும்பத்தைத் தேட வேண்டும். பிறந்து 15 நாள் ஆவதற்குள் தாயிடம் வாங்கிய சம்மதம் செல்லாது. 9 வயது நிரம்பிய பிள்ளையிடமும் சம்மதம் கேட்டாக வேண்டும். ஊர் திரும்பிய வளர்ப்புப் பெற்றோர் மூன்று ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளை எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும்.