லயத்துக் காம்பரா

எட்டியாந்தோட்டைப் பக்கம் ரப்பர் தோட்டமொன்றில் ஆள் தேடிப் போனால், தெருப் பெயரும் வீட்டு இலக்கமும் உதவாது. "பணிய லயத்துல கடைசிக் காம்பராங்க" என்று வழி சொல்வார்கள்.

லயம் என்பது ஆங்கிலத்தின் 'லைன்'. கோப்பிக் காலத்துத் துரைமார் தொழிலாளரை வரிசையாகக் குடிவைத்த நீளக் கட்டடத்தின் பெயர். லைன் லயனாகி, லயமானது. 'ம்' வந்து ஒட்டியதும் மரம், குளம் போல உருபும் ஏற்றது: லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளை. குதிரை லாயத்திலிருந்து வந்திருக்கும் என்று கோபத்தில் சொல்லத் தோன்றும். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல.

காம்பரா அதைவிட மூத்தது. போர்த்துக்கேயர் அறையைக் 'காமரா' என்றார்கள். சிங்களத்தில் அது 'காமரய'. நம்மவர் வாயில் மகரத்தை அடுத்து ஒரு பகரமும் ஒலிக்கிறது. அதே இலத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சுக்கு வந்த 'ஷாம்ப்ர்' என்ற சொல்லிலும் மகரத்தின் பக்கத்தில் ஒரு பகரம் முளைத்திருக்கிறது. எனக்கு இது தீராத வியப்பு. காம்பராவின் முன்திண்ணையான 'இஸ்தோப்பு' ஒல்லாந்தரின் 'ஸ்தூப்'.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியரின் சொல்லும் அதற்குள் இருக்கிறது. பல குடும்பங்கள் இஸ்தோப்பில் பாதியை மறைத்து அடுப்பு வைத்திருக்கும். மழை நாளில் ஈர விறகின் புகை காம்பராவுக்குள்ளேயே சுற்றும். சொல்லுக்குத் தமிழ் உருபு கிடைத்துவிட்டது. காம்பராவுக்குக் காணி உறுதி பெரும்பாலானோருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

எட்டியாந்தோட்டை இருக்கும் சப்ரகமுவ மாகாணம் நுவரெலியாவைப் போலத் தமிழர் திரண்டு வாழும் இடமல்ல. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தோட்டத்தை ஒட்டியே சிங்களக் கிராமம். அந்தக் கிராமத்தவரும் 'லயின் காமர' என்றே சொல்கிறார்கள். 1981 ஆகஸ்ட் இன வன்முறையில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது லயத்தை விட்டு ஓடியவர்கள் பலர். இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளில், பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாதவர்கள் சிங்களத்தில் படிக்கிறார்கள். பாட்டி "லயத்துக்கு வா" என்று கூப்பிட, பிள்ளை வீட்டைச் சிங்களத்தில் 'கெதர' என்கிறது.

காவத்தையிலும் இறக்குவானையிலும் தெரணியகலையிலும் படிப்பிக்கும் ஆசிரியர்களே, அந்தப் பாட்டிமாரிடம் உட்கார்ந்து இந்தச் சொற்களை அவர்கள் சொல்கிறபடியே இப்போதே எழுதி வையுங்கள்.