செக்ரோலும் பெரட்டும்: கெடாத் தோட்டங்களின் ஆள் கணக்கு

கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் ஆள் கணக்கு இரண்டு இடங்களில் நடந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் தொழிலாளர்கள் நேரில் நின்றார்கள். தோட்ட ஆபீஸில் அவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற பெயர்ப்பதிவேட்டில் இருந்தன. முன்னது அன்றைய நிலை, பின்னது அதன் படி. படி எழுதப்படும்வரை ஏட்டில் நிற்பது பழைய நிலைதான்.

1909இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷ் ஆதிக்கத்துக்கு மாறியது. அடுத்து வந்த ரப்பர் விலை ஏற்றத்தில் சுங்கைப் பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த குடியேற்ற முகாம்களில் பெயர் பதிந்து கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி இங்கு வந்தார்கள். முகாமில் எழுதப்பட்ட பெயர் தோட்டத்தில் செக்ரோல் பெயரானது.

பெரட்டில் விளக்கு வெளிச்சத்தில் கிராணி (எழுத்தர்) பெயர் கூப்பிட, வந்தவர்களுக்குக் குறி விழும். பிறகு அவரவர் மர நிரைக்குப் போய்ப் பால் வெட்டுவார்கள். முற்பகலில் மரத்தில் கட்டிய மங்குகளிலிருந்து வாளிக்கு வந்த பால் ஸ்டோரில் நிறுக்கப்பட்டு, எடை பெயர்வாரியாக எழுதப்படும். இந்தக் குறிப்புகள் ஆபீஸ் ஏட்டுக்கு ஏறியபின்தான் சம்பளக் கணக்கு. நோயில் படுத்தவர், வேறு தோட்டத்துக்குப் போனவர் பற்றிய செய்தி ஏடு ஏறத் தாமதித்தால், செக்ரோல் அவரை வேலையில் இருப்பவராகவே காட்டும்.

போர்க்காலத்தில் இந்த இடைவெளி பெருந்துயரமானது. 1942க்கும் 1943க்கும் இடையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே இறந்தவர்களின் முழுமையான பெயர்ப்பட்டியல் இன்றுவரை இல்லை. பெயர் தோட்டத்து ஏட்டில் இருந்தாலும், ஆள் என்ன ஆனார் என்பது அதில் ஏறவில்லை.

1948இல் அவசரகாலம் வந்தபோது 12 வயது நிரம்பியவர்களுக்கு அடையாள அட்டை கட்டாயமானது. தோட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியான பதிவுக்குப் பக்கத்தில் அரசுப் பதிவும் சேர்ந்தது. பிற்காலத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்சாலைகளுக்கும் மாறின. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. லயம் என்ற தோட்டக் குடியிருப்பை விட்டு டவுனுக்குப் போனவர்கள் முகவரியை மாற்றாவிட்டால், அட்டையில் பழைய தோட்டமே நின்றது.

கணினியிலும் இதே பிசகு உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் கோப்பு மாற்றப்பட்ட நேரம் கோப்பின் சொந்தப் பதிவில் இருக்கிறது. அதன் படி கோப்புறைப் பட்டியலிலும் இருக்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டே இருந்தால், அதை மூடும்வரை பட்டியலிலுள்ள நேரம் பழையதாகவே நிற்கலாம். பட்டியலை மட்டும் படிக்கும் தேடல் மென்பொருள் அந்தப் பழைய நேரத்தையே காட்டும்.

அடையாள அட்டைக்குத் திரும்பினால், மலேசியாவில் வீடு மாறியவர் 30 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். 2021 டிசம்பர் 15 முதல் தானாகச் சேர்க்கப்படும் வாக்காளர், அட்டையில் உள்ள முகவரியின் தொகுதியிலேயே சேர்க்கப்படுகிறார். தோட்டம் விட்டுப் போன குடும்பங்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது அந்த முகவரி வரியைத்தான்.